லாரியில் வராத யந்திரம்

ஆலைக்குள் புது யந்திரம் ஒளிந்து நுழைய முடியாது. கேட்டில் லாரி வந்து நிற்கும். மரப்பெட்டியை உடைப்பார்கள். வெளியூரிலிருந்து பிட்டர் வருவார். அடுத்த ஷிப்டு ஆரம்பிப்பதற்குள் டீக்கடையில் கணக்கு முடிந்துவிடும்: இது எத்தனை பேர் வேலையை விழுங்கும், இரண்டு தறி பார்த்தவன் இனி எத்தனை தறி பார்க்க வேண்டும் என்று. 1955-ம் ஆண்டில் கான்பூர் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 80 நாள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அது இந்தக் கணக்கிலிருந்து பிறந்த போராட்டம்தான். 'ரேஷனலைசேஷன்' என்ற வாயில் நுழையாத வார்த்தைக்கு அவர்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. கண்ணால் பார்த்தார்கள், புரிந்துகொண்டார்கள்.

இப்பொழுது வருகிற யந்திரத்துக்கு லாரி வேண்டாம். ஒரு பகல் நேரத்தில் ஆபீஸ் அறையில் ஒரு இளைஞர் லாப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறார். சத்தம் கிடையாது, புகை கிடையாது. மாலை டீ வருவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. விற்பனைப் பேரேடும் குடோன் பேரேடும் ஒன்றோடொன்று இணைந்துவிட்டன! கேட்டில் இருந்தவருக்குத் தெரியாது. குடோனில் மூட்டை தூக்கியவருக்குத் தெரியாது. பக்கத்து மேஜையில் இருந்த குமாஸ்தாவுக்கே தெரியாது.

"விற்பனை ஆபீசில் கம்ப்யூட்டரை எதோடு இணைத்தால் நமக்கென்ன தோழர்? நாம் தறி ஓட்டுகிறவர்கள், நாற்று நடுகிறவர்கள்" என்று சிலர் கேட்கலாம். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். இந்த வருஷம் ஒரு தகராறு நம் யூனியன் ஆபீஸ் படியேறி வந்தது. அதற்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. அந்தத் தகராறைச் சொல்வதற்கு முன் யந்திரம் எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

இரண்டு சாமான்கள்

ஒன்று, விற்பனைச் சாப்ட்வேர். 'சி.ஆர்.எம்.' என்கிறார்கள். பெயருக்குப் பயப்பட வேண்டாம். நம் ஊர் ஜவுளிக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நீளமான நோட்டு இருக்குமே, யார் என்ன கேட்டார், என்ன விலை சொன்னோம், பாக்கி எவ்வளவு, மறுபடி எப்போது போய்ப் பார்க்க வேண்டும் என்று எழுதி வைப்பார்களே, அந்த நோட்டுதான் இது. ஒரு வித்தியாசம். நோட்டு கடைக்குள் இருந்தது. இது எங்கோ தூரத்தில், இன்னொரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கடைக்காரர் வாடகை கொடுத்துத் தன் சொந்த நோட்டைப் பார்க்கிறார்.

இரண்டாவது, ஒரு வேலை முடிந்ததும் அடுத்த வேலையைத் தானாகத் தள்ளிவிடும் சாப்ட்வேர். இதைப் புரிந்துகொள்ள ஆலைத் தொழிலாளிக்கு இங்கிலீஷ் வேண்டியதில்லை. தறியில் பாவு நூல் ஒன்று அறுந்தால் அதில் தொங்கும் சின்னத் தகடு விழுகிறது. தகடு விழுந்ததும் தறி நிற்கிறது. 'இது நடந்தால் அதைச் செய்.' முழு ரகசியமும் இவ்வளவுதான்! கிராமத்துத் தோழர்களுக்கு இன்னும் சுலபம். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாததால் பம்புசெட் ஸ்டார்ட்டரை 'ஆட்டோ'வில் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறார்கள். நடுராத்திரி கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடுகிறது. மடை திறந்திருக்கிறதா, வாய்க்கால் உடைந்திருக்கிறதா என்று ஸ்டார்ட்டருக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது கரண்ட் வந்தது ஒன்றுதான். தண்ணீர் பக்கத்துக் காட்டுக்குள் புகுந்த பிறகு, காலையில் சண்டை போடுவது மனிதர்கள்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு வியாபாரி தன் போனில் ஆர்டர் படிவத்தை நிரப்புகிறார். உடனே பேரேட்டில் பதிவாகிறது. உடனே விற்பனையாளரின் போனுக்குச் செய்தி போகிறது. குடோனில் சீட்டு அச்சாகிறது. வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் நன்றி போகிறது. மாதக் கடைசியில் விற்பனையாளரின் கமிஷன் கணக்கும் அதே கம்பியில் சம்பளப் புத்தகத்துக்குப் போய்ச் சேருகிறது. நடுவில் ஒரு மனிதக் கை இல்லை.

யார் இதை விற்கிறார்கள்? சான்பிரான்சிஸ்கோவில் 1999-ல் தொடங்கிய சேல்ஸ்போர்ஸ் கம்பெனி இந்தப் பேரேட்டு வியாபாரத்தில் பெரிய கை. பேரேடுகளை இணைக்கும் தொழிலில் பேர்போன ஜாப்பியர் 2011-ல் அமெரிக்காவின் மிசூரி மாகாணத்தில் கொலம்பியா என்ற ஊரில் மூன்று இளைஞர்கள் தொடங்கியது. பிராக் நகரத்தில் பிறந்த இன்டெக்ரோமாட் 2020-ல் ஒரு ஜெர்மன் கம்பெனியின் கைக்குப் போய், 2022 முதல் மேக் என்ற பெயரில் நடக்கிறது. நம் சென்னையிலிருந்து வளர்ந்த ஜோஹோவும் 2005 முதல் விற்பனைப் பேரேடு விற்கிறது. இணைக்கும் சாமானையும் ஜோஹோ ப்ளோ என்ற பெயரில் தானே விற்கிறது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அதற்கு ஆபீஸ் இருக்கிறது என்பது அந்த வட்டாரத் தோழர்களுக்குத் தெரியும். ஆக, இது ஏதோ அமெரிக்காக்காரன் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட வழியில்லை.

இணைப்பு என்பது என்ன பெறும்? 2018-ல் மியூல்சாப்ட் என்ற கம்பெனியை சேல்ஸ்போர்ஸ் 650 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அந்தக் கம்பெனி நூல் நூற்கவில்லை, நெல் விளைவிக்கவில்லை. ஒரு கம்ப்யூட்டர் பேரேட்டை இன்னொன்றோடு இணைப்பதுதான் அதன் தொழில். முதலாளிகள் பைத்தியக்காரர்கள் அல்ல. கணுவைப் பிடித்தவன் கரும்பு முழுவதையும் பிடித்தவன் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒரே மோட்டார், இரண்டு சீட்டு

இனி தகராறுக்கு வருவோம். மேற்கு மாவட்டம் ஒன்றில் பம்புசெட்டும் பைப்பும் மொத்தமாக விற்கும் ஒரு ஸ்தாபனம். பெயர் வேண்டாம், பேச்சுவார்த்தை இன்னும் நடக்கிறது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் குடோன் சுமைப்பணித் தொழிலாளர் நான்கு பேர் நம் ஆபீசுக்கு வந்தார்கள். அவர்களில் மூத்தவர் துண்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "தோழர், ஒரே ஆர்டருக்கு ரெண்டு வாட்டி லோடு ஏத்தியிருக்கறோம்ங்க. ரெண்டாவது வாட்டி போனதுக்கும், திரும்பக் கொண்டாந்து எறக்குனதுக்கும் கூலி கெடையாதுங்கறாங்க. வண்டி வாடகையையும் எங்க மேல எழுதி வெச்சுட்டாங்க."

"சீட்டைப் பார்க்காமல் ஏற்றினீர்களா?" என்று நாம் கேட்டோம். கேட்டது தப்பு என்று மறு நிமிஷமே தெரிந்தது. அவர் இரண்டு சீட்டையும் எடுத்து மேஜையில் வைத்தார். இரண்டும் ஒழுங்கான சீட்டு. நம்பர் மட்டும் வேறு வேறு. சீட்டு வந்தால் ஏற்ற வேண்டியது அவர்கள் வேலை. ஏற்றினார்கள்.

எப்படி இரண்டு வந்தது? ஸ்தாபனத்தில் விசாரித்தால் "சிஸ்டம்" என்றார்கள். யார் அந்த சிஸ்டம், அவரைக் கூப்பிடுங்கள் என்றோம். சிரித்தார்கள். கடைசியில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு இளம் தோழர் கூட வந்து, மெனக்கெட்டுத் தோண்டி எடுத்தார். இணைப்புச் சாப்ட்வேர் குடோன் கம்ப்யூட்டருக்குச் சீட்டை அனுப்பியிருக்கிறது. குடோன் அதை வாங்கிக்கொண்டது. ஆனால் "வாங்கிக்கொண்டேன்" என்று அது சொன்ன பதில் லைன் மந்தத்தில் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. பதில் வராததால் சீட்டே போகவில்லை என்று எண்ணி, இணைப்பு இன்னொரு தடவை அனுப்பிவிட்டது. இந்தத் தொழிலில் இது தெரிந்த வியாதிதானாம். 'இந்த ஆர்டருக்கு ஏற்கனவே சீட்டு இருக்கிறதா' என்று பார்த்துவிட்டு அனுப்பு என்று ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் போதும் என்றார் அந்தத் தோழர். அந்த வரியை எழுதாதவருக்குச் சம்பளம் வெட்டினார்களா? இல்லை. அவருக்கு அந்த மாதம் பாராட்டு!

இரண்டு மாதத்துக்கு முன் இப்படி நடந்திருக்க முடியாது. ஏனென்றால் அங்கே ஒரு அம்மா இருந்தார். பத்தொன்பது வருஷமாக ஆர்டர் குமாஸ்தா. போனில் வருவதை ஒரு நோட்டில் எழுதுவார். அதைப் பார்த்து விற்பனைப் புத்தகத்தில் எழுதுவார். அதைப் பார்த்துக் குடோனுக்குச் சீட்டு எழுதுவார். ஒரே விஷயம் மூன்று தடவை. மணிக்கட்டு வீங்கிவிடும் வேலை, சந்தேகமில்லை. ஆனால் அந்த மூன்று தடவையிலும் ஒரு மனித மூளை அந்தக் காகிதத்தைப் பார்த்தது. "இந்த வியாபாரி நேற்றுத்தானே ஐந்து குதிரைசக்தி மோட்டார் எடுத்தார், இன்றைக்கும் எதற்கு?" என்று அவருக்குத் தோன்றும். ஒரு போன் போட்டுக் கேட்பார். எந்தக் கடைக்காரர் பொங்கல் கழித்துத்தான் பணம் தருவார், எந்த ஊர்ப் பாலத்தில் பெரிய வண்டி ஏறாது, எவர் வீட்டில் துக்கம் நடந்திருக்கிறது, இந்த வாரம் பணம் கேட்டுப் போகக்கூடாது, எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. கம்ப்யூட்டர் பேரேட்டில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாத விஷயத்தை இணைப்பு கொண்டுபோகாது. பத்தொன்பது வருஷத்தில் அவர் சேர்த்த அறிவு அந்த ஒரு பகல் நேரத்தில் குப்பையில் போய்விட்டது. அதை யாரும் நஷ்டக் கணக்கில் எழுதவில்லை.

அவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்களா? உடனே நிறுத்தவில்லை. முதலாளிகள் அவ்வளவு அவசரக்காரர்கள் அல்ல. "தபால் வாங்கி வையுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்றார்கள். வேலை இல்லாமல் ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்தால் அவராகவே கூனிக் குறுகிப் போய்விடுவார் என்பது பழைய தந்திரம். அப்படி உட்கார வைக்கப்பட்ட எத்தனை பேரை நாம் ஆலை வாசலில் பார்த்திருக்கிறோம்!

இன்னொரு கூத்தும் நடந்தது. இணைப்பை உண்டாக்கிய இளைஞர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். ஒருவர் வேலையைவிட்டுப் போனதும் அவருடைய கணக்கை மூடுவது ஆபீஸ் வழக்கம். மூடினார்கள். ஆனால் இணைப்பு முழுவதும் அவர் பெயரில், அவர் சாவியில் ஓடிக்கொண்டிருந்தது! சாவி செத்ததும் இணைப்பும் செத்தது. மூன்று நாள் வந்த ஆர்டர்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. தறி நின்றால் சத்தம் நிற்கும், மேஸ்திரி ஓடி வருவார். இது ஓடும்போதும் சத்தமில்லை, நிற்கும்போதும் சத்தமில்லை. வியாபாரிகள் போன் போட்டுத் திட்டிய பிறகுதான் விஷயம் வெளிவந்தது. வெயிலில் கடை கடையாக ஏறி அந்த ஆர்டர்களைப் பிடித்த விற்பனையாளர்களுக்கு என்ன கிடைத்தது? பேரேட்டில் பதிவில்லை, ஆகவே கமிஷன் இல்லை. "நான் போனேன், அவர் ஆர்டர் கொடுத்தார்" என்று ஒரு மனிதன் சொல்வது கணக்கில் இல்லை. பேரேடு சொல்வதுதான் கணக்கு.

இந்த இரண்டு சம்பவத்திலும் ஒரே விஷயம்தான் இருக்கிறது. லாபம் வரும்போது அது முதலாளியின் யோசனை. நஷ்டம் வரும்போது அது சிஸ்டத்தின் பிழை. பிழைக்கு அபராதம் கட்டுவது மட்டும் சுமைப்பணிக்காரரும் விற்பனையாளரும்.

சாவிக்கொத்து

ஒரு பம்புசெட் கடைக்காரர் விவரம் தெரியாமல் செய்தார், பெரிய கம்பெனிகள் அப்படிச் செய்யமாட்டார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. 2025 ஆகஸ்டில் நடந்ததைப் பார்க்கட்டும். சேல்ஸ்லாப்ட் என்ற கம்பெனியின் ட்ரிப்ட் என்ற அரட்டைச் சாமானை ஏராளமான கம்பெனிகள் தங்கள் சேல்ஸ்போர்ஸ் பேரேட்டோடு இணைத்திருந்தன. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு சாவி உண்டு. கடவுச்சொல் கேட்காமலே பேரேட்டைத் திறக்கும் சாவி. திருடர்கள் அந்தச் சாவிக்கொத்தை அபகரித்தார்கள். ஆகஸ்ட் 8 முதல் 18 வரை பேரேடு பேரேடாகத் திறந்து அள்ளினார்கள். 700-க்கும் மேற்பட்ட ஸ்தாபனங்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கூகுளின் பாதுகாப்புப் பிரிவு கூறியது. கிளவுட்பிளேர், ஜீஸ்கேலர், பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் ஆகியவை தாங்களும் மாட்டிக்கொண்டதை ஒப்புக்கொண்டன. இந்த மூன்றுக்கும் என்ன தொழில் தெரியுமா? மற்றவர்களின் கம்ப்யூட்டருக்குக் காவல் காப்பது!

பூட்டில் குறையில்லை. கதவிலும் குறையில்லை. இணைத்த கயிறு வழியாக இறங்கினார்கள்.

அந்தப் பேரேடுகளில் யார் பெயர் இருக்கிறது? முதலாளி பெயரா? வாங்குகிறவர்களின் பெயர், போன் நம்பர், அவர்கள் எழுதிய புகார். கிராமத்துத் தோழர்களே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. சந்தையில் 'லோன் மேளா' என்று பந்தல் போட்டு, ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் பரிசாகக் கொடுத்து, போன் நம்பர் எழுதி வாங்கிக்கொண்டு போகிறார்களே, அந்த நம்பர் அன்று இரவே ஒரு பேரேட்டில் ஏறுகிறது. ஏறியதும் 'இது நடந்தால் அதைச் செய்' ஆரம்பிக்கிறது. மறுநாள் நடவு வயலில் சேற்றுக் கையோடு நிற்கும்போது வருகிற போன் யாரோ நினைத்துக்கொண்டு போட்டதல்ல. உங்கள் தகவலைக் காப்பாற்ற 2023-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அதற்கு விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான ஷரத்துகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம் தவணை. போன் மட்டும் தவணை கேட்காமல் மறுநாளே வந்துவிடுகிறது.

நாம் யந்திரத்துக்கு எதிரியா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 1960-களின் நடுவில் எல்.ஐ.சி. நிர்வாகம் கம்ப்யூட்டர் கொண்டுவந்தபோது, கல்கத்தாவில் இலாக்கோ ஹவுஸ் கட்டிடத்துக்குள் அது நுழையாதபடி இன்ஷூரன்ஸ் ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். இன்று அதைச் சொல்லி நம்மைக் கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் பிற்பாடு எல்.ஐ.சி.க்குள் வந்துதான் சேர்ந்தது, உண்மை. ஆனால் கேலி செய்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த ஊழியர்கள் கேட்டது "எங்களைக் கேட்காமல் ஏன்?" என்பது. அந்தக் கேள்விக்கு இன்றும் பதில் வரவில்லை. ஒன்றை நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும். வாசலில் காவல் இருப்பதை நன்றாகக் கற்றுக்கொண்டோம். உள்ளே வந்த யந்திரம் என்ன செய்கிறது என்று படித்துக்கொள்வதில் சோம்பல் பட்டோம்.

அந்த அம்மாவையே கேட்டோம். "பழையபடி மூன்று தடவை எழுத ஆசையா?" என்று. "ஐயோ, அது வேண்டாம்ங்க தோழர். எழுதறதை அது எழுதட்டும். பாக்கறதை என்கிட்டக் குடுத்திருந்தாப் போதும்" என்றார். இதைவிட நன்றாக இந்தப் பிரச்னையை நாம் எழுதிவிட முடியாது.

நம் பத்திரிகையின் சந்தாக் கணக்கே எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டில்தான் இருக்கிறது. ஒரே சந்தாதாரருக்கு இரண்டு பிரதி போவதும், பணம் கட்டியவருக்குப் 'பாக்கி' கார்டு போவதும் உண்டு; வசவு வாங்குகிறவர்கள் நாம். மேலே சொன்ன இளம் தோழர் இதையும் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன் என்று ஆறு மாதமாக நச்சரிக்கிறார். பெர்லினில் 2019-ல் வெளிவந்த என்-எட்டு-என் என்ற இணைப்புச் சாப்ட்வேரை நம்முடைய கம்ப்யூட்டரிலேயே வைத்து ஓட்டலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து படிக்கலாம், சந்தாதாரர் விலாசம் அடுத்தவன் கைக்குப் போகாது என்கிறார். நமக்கு ஆட்சேபணை இல்லை. நோட்டை மட்டும் ஒரு வருஷம் பத்திரமாக வைத்திருப்போம் என்று சொல்லியிருக்கிறோம்.

யந்திரத்துக்குப் பீஸ் ரேட்

இனி பெரிய இடத்துக் கணக்கு. சேல்ஸ்போர்ஸ் தன் பேரேட்டை ஆள் கணக்கில் வாடகைக்கு விட்டது: பேரேட்டைத் திறக்கும் ஆள் ஒருவருக்கு மாதம் இவ்வளவு என்று. வாடகைக்கு எடுத்த கம்பெனிகள் ஆளைக் குறைத்தால் வாடகையும் குறைந்துவிடுமே! என்ன செய்தார்கள்? 2024-ல் 'ஏஜென்ட்' என்ற பேசும் சாப்ட்வேரைக் கொண்டுவந்து, ஒரு பேச்சுவார்த்தைக்கு 2 டாலர் என்று விலை வைத்தார்கள். பிறகு செய்யும் ஒவ்வொரு காரியத்துக்கும் இத்தனை என்ற கணக்கும் வந்தது. ஜாப்பியரும் நடந்து முடிந்த காரியங்களை எண்ணித்தான் பில் போடுகிறது. நூலை எடை போட்டுக் கூலி வாங்கியவர்களுக்கு இது புதிதா? பீஸ் ரேட்! யந்திரத்துக்குப் பீஸ் ரேட். அதை வாங்கிக்கொள்வது யந்திரத்தின் சொந்தக்காரன். இந்தப் பீஸ் ரேட்டைக் குறைக்கச் சொல்லி எந்த மானேஜரும் மிரட்டியதாக நாம் கேள்விப்படவில்லை.

அதே கம்பெனியின் தலைவர் மார்க் பெனியாப் 2025-ல் ஒரு பேட்டியில் சொன்னார்: வாடிக்கைக்காரருக்கு உதவி சொல்லும் பிரிவில் 9,000 பேர் இருந்தார்கள், இப்பொழுது சுமார் 5,000 பேர், ஏனென்றால் அவ்வளவு தலைகள் தேவைப்படவில்லை என்று. நான்காயிரம் தலைகள்! வேறு வேலைக்கு மாற்றினோம் என்பதும் அவர்கள் சொல்லும் கதையில் உண்டு. அந்த அம்மாவைத் தபால் வாங்கப் போட்டதும் மாற்றம்தானே.

இங்கே விற்பனைத் தொழிலாளர்கள் வாய் மூடிக்கொண்டிருக்கவில்லை. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் 2023 டிசம்பர் 20-ம் தேதி நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்தார்கள். கையில் கொடுத்த கருவியை வைத்தே காலடியை வேவு பார்ப்பதை நிறுத்து என்பதும் அவர்கள் கோரிக்கையில் இருந்தது. போன் எங்கே நிற்கிறது என்ற தகவலும் அதே பேரேட்டுக்குப் போகிறது. டாக்டர் வாசலில் இரண்டு மணி நேரம் காத்திருந்தால் பேரேட்டில் அது 'அசையவில்லை' என்று விழும். காத்திருப்பதும் வேலைதான் என்பதற்கு அங்கே கட்டம் இல்லை.

இருபத்தொரு நாள்

சட்டம் என்ன சொல்கிறது? 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்தில் 9-ஏ பிரிவு இருந்தது. ஆட்குறைப்புக்குக் காரணமாகக்கூடிய புதிய யந்திரமோ முறையோ கொண்டுவருவதானால், பாதிக்கப்படும் தொழிலாளிக்கு முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், 21 நாள் பொறுக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் போய், தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. அந்தத் தொகுப்புகளை எதிர்த்துத்தான் 2025 ஜூலை 9-ல் தேசம் முழுவதும் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. நம் எதிர்ப்பு இன்றும் எதிர்ப்புதான். ஆனால் அதிலும் 40-வது பிரிவில் இந்த நோட்டீஸும் 21 நாளும் தப்பிப் பிழைத்திருக்கின்றன. விற்பனைப் பெருக்க ஊழியர்களும் தொழிலாளி என்ற விளக்கத்துக்குள் வருகிறார்கள். தப்பிப் பிழைத்ததை உபயோகிக்காமல் விட்டால் அது நம் குற்றம்.

பம்புசெட் ஸ்தாபனத்துக்கு யூனியன் கடிதம் எழுதியது. இணைப்பைப் பிடுங்கி எறி என்று எழுதவில்லை. இணைப்பு செய்யும் பிழைக்குக் கூலியில் கைவைக்காதே; பிழை வந்தால் நிறுத்துவதற்கு ஒரு ஆளை, பேர் சொல்லி, பொறுப்போடு வை; அந்த ஆள் பத்தொன்பது வருஷம் ஆர்டர் பார்த்தவராக இருக்கட்டும்; இனி எந்தப் பேரேட்டை எதோடு இணைப்பதானாலும் முதலில் நோட்டீஸ் போர்டில் தமிழில் எழுதி ஒட்டு. விற்பனையாளரின் கமிஷன் கணக்கை அவரிடம் காட்டி, அவர் ஒப்புக்கொண்ட பிறகு சம்பளப் புத்தகத்துக்கு அனுப்பு. அவ்வளவுதான்.

முதல் பேச்சுவார்த்தையில் சுமைப்பணிக் கூலியும் வண்டி வாடகையும் திரும்பக் கிடைத்தன. மூன்று நாள் கமிஷன் பாதிதான் வந்தது. மீதிக்கு வியாபாரிகளிடம் எழுதி வாங்கிக்கொண்டிருக்கிறோம். நோட்டீஸ் விஷயத்தில் மானேஜர் பிடிவாதமாக இருக்கிறார். "நாங்கள் யந்திரம் எதுவும் வாங்கவில்லையே, எதற்கு நோட்டீஸ்? மாதச் சந்தாதானே கட்டுகிறோம்" என்கிறார். இதற்குப் பதிலாக இரண்டாவது கடிதம் சென்ற திங்கட்கிழமை போயிற்று. லோடு ஏற்றிய அதே நான்கு பேர் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டு, தேதியும் நேரமும் எழுதி, நகலில் சீல் வைத்துக் கொடுத்தவர் அந்த அம்மாதான். தபால் வாங்கும் வேலையை இன்னும் அவரிடமிருந்து பிடுங்கவில்லை.